ரேடியல் இன்ஜினை எப்போது ஓவர்ஹாலுக்கு அனுப்புவது: சொந்த விமானம் வைத்திருப்போருக்கு முழுமையான வழிகாட்டி

ரேடியல் இன்ஜின், அதாவது நடுத் தண்டைச் சுற்றிச் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் இன்ஜின் பொருத்திய விமானத்தை வாங்கியவர் முதலில் கேட்பது "டிபிஓ எத்தனை மணி நேரம்?" என்பதுதான். ஓவர்ஹால் என்பது இன்ஜினை முழுக்கப் பிரித்துச் செப்பனிடும் வேலை; ஒரு ஓவர்ஹாலுக்கும் அடுத்த ஓவர்ஹாலுக்கும் நடுவே இன்ஜின் எவ்வளவு ஓடலாம் என்று பரிந்துரைக்கப்படும் அளவு அது. இன்ஜின் தயாரிப்பாளரான லைகாமிங்கின் பல நான்கு சிலிண்டர் இன்ஜின்களுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு என்று அந்த நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ரேடியலுக்கு அப்படி ஒரே வரியில் பதில் கிடைக்காது. கிடைக்கும் எண்ணும் பெரும்பாலும் 2,000-ஐ எட்டாது. அந்த எண்ணை யார், எந்தக் காலத்தில், எந்த வகைப் பறத்தலை மனதில் வைத்துச் சொன்னார்கள் என்று பார்க்காமல் பின்பற்றவும் முடியாது.

ரேடியலில் இரண்டு இன்ஜின்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால் முடிவெடுப்பது எளிதாகும். வெளியே வட்டமாக நிற்கும் சிலிண்டர்கள் ஒன்று. நடுவில் கிராங்க் கேஸுக்குள் மறைந்திருக்கும் கிராங்க் ஷாஃப்ட், எல்லாப் பிஸ்டன்களின் ராடுகளும் பிணையும் மாஸ்டர் ராட், பேரிங், காம் ரிங், கியர்கள் எல்லாம் சேர்ந்து இன்னொன்று. முதலாவதை விமானத்தில் இருக்கும்போதே பார்க்கலாம், சோதிக்கலாம், ஒவ்வொரு சிலிண்டராகக் கழற்றி மாற்றலாம். இரண்டாவதைப் பார்க்க இன்ஜினை இறக்கி முழுக்கப் பிரிக்க வேண்டும். மணிக்கணக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த இரண்டாவதற்குத்தான்.

படி 1: எண் யாருடையது, அது உங்களைக் கட்டுப்படுத்துமா?

பிராட் அண்ட் விட்னியின் முதல் வாஸ்ப், அதாவது ஆர்-1340, 1925-ஆம் ஆண்டு டிசம்பரில் உருவானது. பீவர், பீச் 18 போன்ற விமானங்களில் இருக்கும் ஆர்-985 வாஸ்ப் ஜூனியர் அதன் தம்பி. ஸ்டியர்மேனில் உள்ள கான்டினென்டல் டபிள்யூ-670, செஸ்னா 195-இல் உள்ள ஜேக்கப்ஸ் ஆகியவையும் பழைய தலைமுறைதான். இவற்றின் மூல உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதனால் இன்று கைக்கு வரும் எண் மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வந்திருக்கும்: பழைய ராணுவக் கையேடு, தயாரிப்பாளரின் பழைய சர்வீஸ் புல்லட்டின், அல்லது ஓவர்ஹால் பட்டறை தன் அனுபவத்தில் சொல்வது. மூன்றும் ஒத்துப்போகாது. தினமும் பறந்த விமானங்களை வைத்து எழுதியதை மாதம் ஒரு முறை பறக்கும் விமானத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

யாக்-52-இல் உள்ள எம்-14பி, சீன சிஜே-6-இல் உள்ள ஹௌசாய் போன்றவை வேறு மரபில் வந்தவை. சோவியத் முறையில் இன்ஜினோடு ஒரு பதிவேடு வரும். முதல் ஓவர்ஹால் வரை இத்தனை மணி, மொத்த ஆயுள் இத்தனை மணி, கூடவே ஆண்டுக் கணக்கிலும் ஒரு வரம்பு என்று அதில் எழுதியிருக்கும். இன்ஜினோடு அந்தப் பதிவேடு வரவில்லை என்றால் விலையைக் குறைத்துப் பேசத் தயங்காதீர்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பார்ட் 91-இன் கீழ் சொந்தத் தேவைக்குப் பறப்பவருக்கு டிபிஓ பரிந்துரை மட்டுமே. பார்ட் 135-இன் கீழ் வாடகைக்குப் பறப்பவருக்கு அது பொதுவாகக் கட்டாயம். ஐரோப்பாவில் பார்ட்-எம்எல் விதிகள், சிறிய விமானத்தின் உரிமையாளர் தன் பொறுப்பில் பராமரிப்புத் திட்டத்தை அறிவித்து, தயாரிப்பாளரின் பரிந்துரையிலிருந்து விலக இடம் தருகின்றன. எந்த நாட்டிலும் தட்ட முடியாதவை இரண்டு: விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிடும் ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ்கள் (பறக்கும் தகுதி குறித்த கட்டாய உத்தரவுகள்), உதிரிபாகங்களுக்கு விதிக்கப்பட்ட கட்டாய ஆயுள் வரம்புகள். டிபிஓவுக்கு விலக்கு இருக்கிறது என்று இவற்றையும் சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் விமானத்துக்கு எது பொருந்தும் என்று உரிமம் பெற்ற இன்ஜினியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 2: லாக் புக்கைத் துருவிப் படியுங்கள்

"ஓவர்ஹாலுக்குப் பின் 300 மணி" என்று விற்பவர் சொன்னால் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அந்த ஓவர்ஹால் எந்த ஆண்டு நடந்தது என்பதே அடுத்த கேள்வி. 1978-இல் ஓவர்ஹால் செய்து 300 மணி ஓடிய இன்ஜினைவிட, ஐந்து ஆண்டுகளில் 900 மணி ஓடிய இன்ஜினை நான் தயங்காமல் எடுப்பேன்.

ஓவர்ஹால் என்ற பெயரில் எல்லா வேலையும் ஒன்றல்ல. பிரித்து, சுத்தம் செய்து, அளந்து, தேவையானதைச் சரிசெய்து, கோத்து, சோதித்தால்தான் அமெரிக்க விதிப்படி அந்தச் சொல்லையே எழுதலாம். அதிலும் பாகங்களைப் புதியவற்றின் அளவுக்குக் கொண்டுவந்தார்களா, அனுமதிக்கப்பட்ட தேய்மான எல்லைக்குள் இருந்தால் போதும் என்று விட்டார்களா என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டும் சட்டப்படி சரி. ஆனால் எல்லையின் விளிம்பில் பொருத்திய பாகம் அடுத்த ஓவர்ஹால் வரை தாங்கும் என்று எவரும் உறுதி தரவில்லை. எந்தப் பாகம் புதியது, எது பழையது, மாஸ்டர் ராட் பேரிங் மாற்றப்பட்டதா, கிராங்க் ஷாஃப்ட்டில் விரிசல் தேடும் காந்தத் துகள் சோதனை நடந்ததா என்ற விவரம் பட்டறையின் வேலைப் பதிவான ஒர்க் ஆர்டரில் இருக்கும். லாக் புக்கில் ஒரு வரிதான் இருக்கும். ஆகவே ஒர்க் ஆர்டரைக் கேளுங்கள்.

"ஜீரோ டைம்" என்ற சொல்லை ஐயத்தோடு பாருங்கள். அமெரிக்க விதிப்படி இன்ஜினுக்குப் புதிய பதிவேடு தொடங்கும் உரிமை தயாரிப்பாளருக்கும் அவர் அங்கீகரித்த நிறுவனத்துக்கும் மட்டுமே உண்டு. வெளிப் பட்டறை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் மொத்த மணிக்கணக்கு அழியாது. ராணுவம் ஓவர்ஹால் செய்து உலோகப் பெட்டிக்குள் மூடி வைத்திருந்த இன்ஜின்களும் இதே பெயரில் விற்கப்படுவதுண்டு. உள்ளே ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும், பாதுகாப்பு எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். அப்படிப்பட்டதைப் பிரித்துப் பார்க்காமல் விமானத்தில் ஏற்றக் கூடாது.

படி 3: சிலிண்டர்களின் நிலையைத் தனியாகக் கணியுங்கள்

ஆண்டுக்கு ஒரு முறையாவது, இன்ஜின் சூடாக இருக்கும்போதே டிஃபரன்ஷியல் கம்ப்ரெஷன் சோதனை செய்யுங்கள். 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சிலிண்டர் எவ்வளவு தக்கவைக்கிறது என்று பார்க்கும் முறை இது. 60-க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும் என்பது பரவலான அளவுகோல்.

ரேடியலில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சோதனைக் கருவியின் உள்ளே இருக்கும் துளை, சிலிண்டர் விட்டத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 5 அங்குலத்துக்குக் குறைந்த விட்டத்துக்கு 0.040 அங்குலத் துளை, 5 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் 0.060 அங்குலத் துளை. ஆர்-985-இன் சிலிண்டர் விட்டம் 5.1875 அங்குலம், ஆர்-1340-இன் விட்டம் 5.75. இவற்றைச் சிறிய துளையுள்ள சாதாரணக் கருவியால் அளந்தால் நல்ல சிலிண்டர்கூடக் கெட்டதாகத் தெரியும். எம்-14பி-யின் விட்டம் 105 மில்லிமீட்டர்தான் என்பதால் அதற்குச் சிறிய துளையே சரி.

சோதனையின்போது ப்ரொப்பெல்லரைப் பிடிப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆர்-985-இன் பிஸ்டன் மேல் 80 பிஎஸ்ஐ அழுத்தம் விழுந்தால் மொத்த விசை சுமார் 770 கிலோ எடைக்குச் சமம். பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் ப்ரொப்பெல்லர் சாட்டையாய்ச் சுழன்றுவிடும்.

கசிவு எங்கே கேட்கிறது என்று காது வைத்துக் கேளுங்கள். எக்ஸாஸ்ட் வழியே சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். கிராங்க் கேஸின் காற்றுப்போக்கியான ஆயில் ப்ரீதரில் கேட்டால் பிஸ்டன் ரிங். கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வ். பிறகு துளை வழியே உள்ளே பார்க்க உதவும் கருவியான போர்ஸ்கோப்பை விட்டு வால்வ் விளிம்பையும் சிலிண்டர் சுவரையும் பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தில் ஒரு ஓரம் மட்டும் நிறம் மாறியிருந்தால், கம்ப்ரெஷன் எண் நன்றாக இருந்தாலும் அந்த வால்வ் எரியத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஹெட்டில், முக்கியமாக ஸ்பார்க் பிளக் துளைக்கும் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கும் அருகில், விரிசல் தேடுங்கள். ஃபின்களுக்கு நடுவே கரும்புகைக் கறை கோடாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் விரிசல்தான். பல ரேடியல்களில் வால்வ் இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். ஒரே சிலிண்டரின் இடைவெளி மட்டும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே வந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

இதில் எது கெட்டாலும் அந்தச் சிலிண்டரை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். ஒன்பதில் இரண்டு சிலிண்டர் பலவீனம் என்பதற்காக முழு ஓவர்ஹாலுக்குப் போகத் தேவையில்லை. மறுபக்கம், எல்லாச் சிலிண்டரையும் மாற்றி "டாப் ஓவர்ஹால்" செய்துவிட்டால் டிபிஓ கணக்கு மறுபடி தொடங்கிவிடும் என்று நினைப்பதும் தவறு. உள்ளே இருக்கும் பேரிங் அதே பழைய பேரிங்தான்.

படி 4: ஆயில் சல்லடை சொல்வதைக் கேளுங்கள்

ஒற்றை வரிசை ஒன்பது சிலிண்டர் ரேடியலில் ஒரு பிஸ்டன் மாஸ்டர் ராடில் இருக்கும், மற்ற எட்டும் லிங்க் ராடுகள் மூலம் அந்த மாஸ்டர் ராடிலேயே பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்பது சிலிண்டரின் சுமையும் ஒரே கிராங்க் பின்னில், ஒரே பேரிங்கில் இறங்குகிறது. அந்தப் பேரிங் போனால் இன்ஜினே போனது. அதன் உடல்நிலையை வெளியே இருந்து அறிய ஆயிலை விட்டால் வழி கிடையாது.

முழு ஓட்ட ஃபில்டர் இல்லாமல் சல்லடை மட்டும் உள்ள இன்ஜினில் 25 மணிக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவது நல்ல வழக்கம். ஒவ்வொரு முறையும் சல்லடையைக் கழற்றி, சுத்தமான பெட்ரோலில் அலசி, அலசிய பெட்ரோலை வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஃபில்டர் இருந்தால் அதை வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். கிடைப்பதைத் தேதியிட்ட சிறு பையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல சான்று இல்லை.

எதைப் பார்த்தால் என்ன செய்வது? கருப்பாகப் பொடியும் துகள் கார்பன். விரலால் நசுக்கினால் தூளாகும், கவலை வேண்டாம். மயிரிழை போன்ற ஓரிரு உலோகத் துகள் ஓவர்ஹால் ஆன புதிதில் வருவது இயல்பு. காந்தத்தில் ஒட்டும் செதில் எஃகு: கியர், காம், டேப்பெட் ரோலர், ரிங் என எங்கிருந்தும் வந்திருக்கலாம். காந்தத்தில் ஒட்டாமல் சால்டரிங் அயர்ன் சூட்டில் உருகினால் ஈயமோ தகரமோ கலந்தது. பேரிங் மேற்பூச்சை உடனே சந்தேகியுங்கள். காஸ்டிக் சோடா கரைசலில் குமிழி விட்டால் அலுமினியம். பிஸ்டனையோ பிஸ்டன் பின்னின் (pin) முனைத் தக்கையையோ பாருங்கள். மஞ்சளாக மின்னினால் வெண்கலம். வால்வ் கைடாகவோ புஷ்ஷாகவோ இருக்கும். சில ரேடியல்களின் மாஸ்டர் ராட் பேரிங்கில் வெள்ளி அடுக்கு உண்டு. அந்த வகையில் வெள்ளி நிறச் செதில் ஒன்று தென்பட்டாலும் விமானத்தைத் தரையில் நிறுத்திவிடுங்கள்.

தெளிவான செதில்கள் கிடைத்தால் சல்லடையைச் சுத்தம் செய்து, தரையில் இன்ஜினை ஓட்டி, மறுபடி திறந்து பார்ப்பது வழக்கம். மறுபடியும் உலோகம் வந்தால் டிபிஓவுக்கு எத்தனை மணி மிச்சம் என்ற பேச்சே இல்லை, இன்ஜின் இறங்கியே ஆக வேண்டும். "இன்னும் பத்து மணி ஓட்டிப் பார்ப்போம்" என்பவர்களோடு நான் பறக்க மாட்டேன்.

ஆய்வகத்தில் செய்யும் ஆயில் அனாலிசிஸ் கூடுதல் துணை. அது கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை அளக்கும். பெரிய செதிலைத் தவறவிடும். ஆகவே சல்லடைக்கு மாற்றாக அதைக் கருதாதீர்கள். ஒரு தடவை வந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை; இரும்பு, செம்பு, வெள்ளி எப்படி ஏறி இறங்குகின்றன என்ற போக்கே முக்கியம். சிலிக்கான் ஏறினால் தூசி உள்ளே போகிறது, ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஆயில் செலவிலும் இப்படித்தான். ரேடியல் ஆயில் குடிக்கும், அது குறையல்ல. ஆனால் மணிக்கு ஒரு லிட்டர் குடித்த இன்ஜின் அதே பறத்தலுக்குத் திடீரென இரண்டு லிட்டர் கேட்டால் ஏதோ மாறியிருக்கிறது. சூடான நிலையில் ஆயில் அழுத்தம் மாதாமாதம் மெல்ல இறங்கினாலும் அதே எச்சரிக்கைதான்.

படி 5: நிறுத்தி வைத்த காலத்தையும் கணக்கில் சேருங்கள்

சொந்த விமானங்களில் தேய்மானத்தைவிடத் துருவால் அழியும் இன்ஜின்களே அதிகம் என்பது என் கணிப்பு. இன்ஜின் நின்றதும் ஆயில் கீழே வடிகிறது. கீழ்ச் சிலிண்டர்கள் ஆயிலில் ஊறிக் கிடக்க, மேலே நிற்பவை வறண்டுபோகின்றன. எரிதலில் உண்டான ஈரமும் அமிலமும் உள்ளேயே தங்குகின்றன. போர்ஸ்கோப் பார்க்கும்போது மேல்வரிசைச் சிலிண்டர்களில் தொடங்குவது இதனால்தான்.

வாரம் ஒரு முறை தரையில் பத்து நிமிடம் ஓட்டுவது உதவாது. ஆயிலில் உள்ள நீர் ஆவியாகும் அளவுக்குச் சூடு ஏறாமல் இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்த்துவிட்டு நிற்கும். ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவதும் சுவரில் ஒட்டியிருக்கும் மிச்ச ஆயிலை வழித்துவிடுமே தவிரப் புதிதாகப் பூசாது. பறக்க வேண்டும், அல்லது பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் பிளக்குகளைப் பொருத்தி முறையாக மூடி வைக்க வேண்டும். மூடி வைக்காமல் சில ஆண்டுகள் நின்ற இன்ஜினுக்கு, மணிக்கணக்கு எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஓரிரு சிலிண்டரைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத்தான் பறக்கும் பேச்சை எடுக்க வேண்டும்.

படி 6: ஆயுளைக் குறைத்த சம்பவங்களைக் குறித்து வையுங்கள்

சில நிகழ்வுகள் மணிக்கணக்கை அர்த்தமற்றதாக்கிவிடும். ரேடியலுக்கே உரியது ஹைட்ராலிக் லாக். கீழ்ச் சிலிண்டருக்குள் வடிந்த ஆயிலைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. ஸ்டார்ட்டரின் வேகத்தில் அதை முட்டினால் லிங்க் ராட் வளையும். கொடுமை என்னவென்றால், வளைந்த ராட் அன்றைக்கே உடையாது. பல மணி நேரம் ஓடிவிட்டு, வானத்தில் உடையும்.

அதனால் ஸ்டார்ட் செய்யுமுன் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்து, அணைந்திருந்தாலும் உயிருள்ளதாகவே பாவித்து, ப்ரொப்பெல்லரைச் சுழலும் திசையில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எல்லாச் சிலிண்டரும் ஒரு முறை கம்ப்ரெஷனைக் கடக்க கிராங்க் இரண்டு சுற்று வர வேண்டும். ஆர்-985-இல் கியர் இல்லை. இரண்டு பிளேடு என்றால் குறைந்தது நான்கு பிளேடு கடக்க வேண்டும், மூன்று பிளேடு என்றால் ஆறு. எம்-14பி-யில் 0.658 விகிதக் கியர் இருப்பதால் இரண்டு பிளேடுக்கு மூன்று போதும். கூடுதலாகச் சுற்றினால் நட்டமில்லை. தடை தெரிந்தால் பலம் போடாதீர்கள், பின்னோக்கியும் சுற்றாதீர்கள். பின்னோக்கிச் சுற்றினால் ஆயில் இன்டேக் குழாய்க்குள் ஏறி, ஸ்டார்ட் ஆனதும் திரும்பி வரும். கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வடித்துவிடுவதே வழி. ஸ்டார்ட்டர் போட்டபோது இன்ஜின் சட்டென முட்டி நின்றிருந்தால் அதை லாக் புக்கில் எழுதி, ராடைச் சோதிக்கும் வரை பறக்காதீர்கள்.

ப்ரொப்பெல்லர் தரையில் இடித்து இன்ஜின் நின்றது, ஓவர்ஸ்பீட் (வரம்பை மீறிய சுழற்சி வேகம்), டெட்டனேஷன் (எரிபொருள் சீராக எரியாமல் வெடிப்பது) ஆகியவையும் இதே பட்டியலில் சேரும். இறங்கும்போது த்ராட்டிலை முழுக்க மூடி, காற்று ப்ரொப்பெல்லரைச் சுழற்ற ப்ரொப்பெல்லர் இன்ஜினை இழுக்கும் நிலை மாஸ்டர் ராட் பேரிங்குக்கு ஆகாது. ஒவ்வொரு 100 ஆர்பிஎம்முக்கும் குறைந்தது ஓர் அங்குல (பாதரச அளவில்) மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது இன்டேக் குழாயின் காற்றழுத்தம், வைத்திருப்பது ரேடியல் விமானிகளின் பழைய கணக்கு.

ஆயிலை மாற்றும் முடிவையும் யோசித்து எடுங்கள். பல ஆண்டு சாதா மினரல் ஆயிலில் ஓடிய இன்ஜினில் திடீரென ஆஷ்லெஸ் டிஸ்பெர்சன்ட் (கசடைப் படியவிடாமல் மிதக்க வைக்கும்) ஆயில் ஊற்றினால் உள்ளே படிந்த கசடு பெயர்ந்து ஆயில் வழிகளை அடைக்கலாம். கார் ஆயில் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அதில் இருக்கும் துத்தநாகச் சேர்மம் வெள்ளி பேரிங்கை அரிக்கும்.

படி 7: எல்லையை முன்கூட்டியே எழுதி வையுங்கள்

டிபிஓ நெருங்கும்போது உட்கார்ந்து யோசித்தால் மனம் பணத்தின் பக்கமே சாயும். இன்ஜின் நன்றாக ஓடும் இன்றைக்கே, எந்த அறிகுறி வந்தால் இறக்குவேன் என்று எழுதி, இன்ஜினியரோடு சேர்ந்து கையெழுத்திடுங்கள். நான் பரிந்துரைப்பது இது: உள்பகுதி உலோகம் சல்லடையில் இரண்டு முறை தொடர்ந்து வந்தால் இறக்குவது, சூடான ஆயில் அழுத்தம் கையேட்டின் குறைந்த அளவைத் தொட்டால் இறக்குவது, முட்டி நின்றது, இடித்தது போன்ற சம்பவம் நடந்தால் மணிக்கணக்கைப் பார்க்காமல் பிரித்துப் பார்ப்பது, சிலிண்டர் கோளாறுக்குச் சிலிண்டரை மட்டும் மாற்றுவது. டிபிஓவைத் தாண்டி ஓட்டுவதாக இருந்தால் சல்லடைப் பரிசோதனையின் இடைவெளியைப் பாதியாக்குங்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு கடல் மேலும் மலை மேலும் இரவிலும் பறப்பவர் என்றால் தாண்டவே வேண்டாம் என்பேன். பகலில், வயல்வெளிக்கு மேல், தனியாகப் பறப்பவரின் கணக்கு வேறு.

எண் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் நல்ல இன்ஜினைப் பிரிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடற்பகுதிப் பிரிவான கோஸ்டல் கமாண்டில் விமானப் பழுதுகளை ஆராய்ந்த சி. எச். வாடிங்டன், திட்டமிட்ட பராமரிப்பு முடிந்த உடனேதான் எதிர்பாராத பழுதுகள் அதிகம் வந்தன, பிறகு குறைந்தன என்று கண்டார். ஓவர்ஹால் ஆன புதிதில் இருக்கும் ஆபத்தை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

படி 8: இறக்க வேண்டிய நாள் வந்தால்

பட்டறையைத் தேர்வு செய்யும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள். உங்கள் மாடலை அடிக்கடி செய்கிறார்களா, சோதனை மேடையில் ஓட்டித் தருவார்களா, புதிய அளவுக்குச் செய்வார்களா, மாஸ்டர் ராட் பேரிங் எங்கிருந்து வரும், பிரித்த பின் கெட்டது என்று ஒதுக்கும் பாகங்களைத் திருப்பித் தருவார்களா என்பதெல்லாம் முன்னால் வரட்டும். மேக்னெட்டோ, கார்புரேட்டர், ஆயில் பம்ப், ப்ரொப்பெல்லர் கவர்னர், ஹோஸ்கள் எல்லாம் அதே சமயத்தில் சேர்ந்து போக வேண்டும்.

பழைய இன்ஜின் உலோகம் கக்கி இறங்கியிருந்தால் ஆயில் கூலரும் ஆயில் டேங்கும் ப்ரொப்பெல்லர் ஹப்பும் அந்தத் துகளைத் தேக்கி வைத்திருக்கும். கூலரைக் கழுவி முழுக்கச் சுத்தமாக்குவது நிச்சயமில்லாத வேலை, மாற்றிவிடுவதே நல்லது. இதில் மிச்சம் பிடித்தால் புது பேரிங்கின் முதல் உணவே பழைய பேரிங்கின் துகளாகிவிடும்.

ஓவர்ஹால் ஆகி வந்ததும் பட்டறை சொன்ன மினரல் ஆயிலில், ஆயில் செலவு நிலையாகும் வரை ஓட்டுங்கள். தரையில் வெகுநேரம் சூடேற்றிக்கொண்டு நிற்காமல், ஏறிப் போதுமான பவரில், சிலிண்டர் ஹெட் வெப்பநிலையைக் கண்காணித்துக்கொண்டே பறந்தால்தான் ரிங் சுவரோடு நன்றாகப் பொருந்தும். முதல் சில மணி நேரத்தை விமான நிலையத்தை விட்டு விலகாமல் முடியுங்கள். முதல் பறத்தலுக்குப் பின் ஒரு முறை, ஐந்து மணியில் ஒரு முறை, பத்து மணியில் ஒரு முறை சல்லடையைத் திறந்து பாருங்கள். சிலிண்டர் அடி நட்டுகளின் இறுக்கத்தைப் பட்டறை குறித்த மணியில் சோதியுங்கள். வால்வ் இடைவெளியையும் அப்போதே ஒரு முறை அளந்து, அந்த எண்களைப் புதிய பதிவின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.